சாரணியத்தில் வயதுவந்த தன்னார்வலர்களின் விவாதங்கள்

சாரணியம் என்பது சிறுவர், சிறுமியர், இளையோர் ஆகியோரை வெளிப்புறச் செயற்பாடுகள் மூலம் பயிற்றுவிக்கும் உலகளாவிய இயக்கம் ஆகும். இது இளையோருக்கான இயக்கம் எனினும், இதனைத் தாங்கி நிற்போர் பெரும்பாலும் ஊதியம் பெறாத வயதுவந்த தன்னார்வலர்களே. சாரணர் படையை நடத்துவது சிறுவர்களா பெரியவர்களா, இயக்கம் காலத்துக்கேற்ப எந்த அளவு மாறலாம், யார் உறுப்பினராகலாம், சிறுவர்களின் பாதுகாப்பை எவ்வாறு உறுதி செய்வது ஆகிய கேள்விகளில் இத்தன்னார்வலர்களிடையே கருத்து வேறுபாடுகள் தொடர்ந்து இருந்து வந்துள்ளன. சில விவாதங்கள் இயக்கம் பிளவுபடவும் காரணமாயின. இக்கட்டுரை பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளில் நிகழ்ந்த விவாதங்களை முதன்மையாகக் கொண்டு இவற்றை விளக்குகின்றது.

பின்னணி

பிரித்தானியப் படை அதிகாரியான இராபர்ட் பேடன் பவல் 1907 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவில் ஒரு சோதனை முகாமை நடத்தினார். இதுவே சாரணியத்தின் தொடக்கமாகக் கருதப்படுகின்றது. அங்கு சிறுவர்கள் ஓநாய், காளை, குதிரைமூக்கு உள்ளான், அண்டங்காகம் ஆகிய பெயர்களைக் கொண்ட நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். 1908 இல் பேடன் பவலின் கையேடு வெளிவந்தபின் இயக்கம் வேகமாகப் பரவியது. சிறுவர்கள் தாங்களாகவே அணிகளை அமைத்துக்கொண்டு, பின்னர் தமக்கு ஒரு சாரண ஆசிரியரைத் தேடிக்கொண்ட நிகழ்வுகளும் உண்டு.

இதனால் சாரண ஆசிரியரின் பங்கு என்ன என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது. அவர் பள்ளி ஆசிரியரைப் போலவோ படை அதிகாரியைப் போலவோ நடந்துகொள்ளாமல், ஒரு மூத்த சகோதரனைப் போல இருக்கவேண்டும் என்பது பேடன் பவலின் கருத்து. பெரியவர்களைப் பயிற்றுவிப்பதற்காக இலண்டனுக்கு அருகிலுள்ள கில்வெல் பூங்காவில் 1919 ஆம் ஆண்டு உட் பேட்ஜ் எனப்படும் பயிற்சி நெறி தொடங்கப்பட்டது. அந்நெறியில் பெரியவர்களும் அணிகளாகப் பிரிந்து, சிறுவர்களைப் போலவே சமைத்தும் கூடாரம் அமைத்தும் பயில்கின்றனர்.

அணி முறை பற்றிய விவாதம்

ஆறு முதல் எட்டுச் சிறுவர் கொண்ட அணி, அதற்குச் சிறுவர்களிடமிருந்தே ஒரு தலைவர், அணித் தலைவர்கள் கூடி முடிவெடுக்கும் மன்றம் என்ற அமைப்பே அணி முறை எனப்படுகின்றது. இக்கொள்கையைப் பெரும்பாலான தன்னார்வலர்கள் ஏற்றுக்கொள்கின்றனர். அதை நடைமுறைப்படுத்துவதிலேயே வேறுபாடு தோன்றுகின்றது.

எடுத்துக்காட்டாக, பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் ஒரு முகாமுக்கான உணவுப் பட்டியலைத் தயாரிப்பதாகக் கொள்வோம். அதில் காய்கறியே இல்லாமல் இருக்கலாம். சமைக்கும்போது உணவு கருகலாம். பள்ளத்தில் அமைத்த கூடாரத்துக்குள் மழைநீர் புகலாம். இவ்வாறான நேரங்களில் பெரியவர் தலையிட்டால் முகாம் ஒழுங்காக நடைபெறும், ஆனால் சிறுவர்கள் திட்டமிடக் கற்பதில்லை. தலையிடாவிட்டால் அவர்கள் கற்றுக்கொள்வர், ஆனால் அந்த இரவு பசியுடனும் ஈரத்துடனும் கழியும். அடுத்த முகாமுக்குச் சிலர் வராமலும் போகலாம்.

ஒரு சாரார், சிறுவர்களுக்கு உண்மையான பொறுப்பு வழங்காத படை சாரணியமே அல்ல என்கின்றனர். மற்றொரு சாரார், போதிய பயிற்சி இல்லாத அணித் தலைவரிடம் பொறுப்பை விட்டுவிடுவது பெரியவரின் கடமையைக் கைவிடுவதாகும் என்கின்றனர். பயிற்சி நெறிகளில் பொதுவாகக் கூறப்படும் இணக்க வழி, இடரையும் இடைஞ்சலையும் பிரித்துப் பார்ப்பதாகும். உடலுக்கு ஆபத்து நேரும் எனில் பெரியவர் உடனே தலையிட வேண்டும். வெறும் இடைஞ்சல் எனில் பொறுத்திருந்து, பின்னர் அதுபற்றிச் சிறுவர்களுடன் உரையாட வேண்டும்.

தகைமைச் சின்னங்கள் பற்றிய விவாதமும் இதனோடு தொடர்புடையது. ஐக்கிய அமெரிக்காவில் மிக உயர்ந்த தகுதியான கழுகுச் சாரணர் நிலையை அடைய, 18 வயதுக்கு முன் 21 தகைமைச் சின்னங்களைப் பெறுவதுடன் ஒரு சமூகப் பணித் திட்டத்தையும் தலைமையேற்று முடிக்கவேண்டும். கல்லூரி விண்ணப்பங்களில் இது மதிக்கப்படுவதால், பெற்றோரும் தலைவர்களும் சிறுவர்களை விரைவாக முன்தள்ளுகின்றனர் என்பது ஒரு குற்றச்சாட்டு. தெளிவான இலக்கு இல்லாவிடில் பல சிறுவர்கள் பாதியில் விலகிவிடுவர் என்பது இதற்குத் தரப்படும் மறுமொழி.

படைத்துறைச் சாயல் பற்றிய விவாதம்

சீருடை, அணி, முகாம் ஆகியவை படைத்துறையை நினைவூட்டுவதால், சாரணியம் சிறுவர்களைப் போருக்கு ஆயத்தம் செய்கின்றதா என்ற ஐயம் தொடக்கத்திலேயே எழுந்தது. இலண்டன் ஆணையராக இருந்த சர் பிரான்சிசு வேன், தலைமையகத்தில் படை அதிகாரிகளின் செல்வாக்கு மிகுந்திருப்பதாகக் கருதினார். 1909 இல் பதவியிலிருந்து நீக்கப்பட்ட அவர், பிரித்தானியச் சிறுவர் சாரணர் என்ற போட்டி அமைப்பின் தலைவரானார்.

முதல் உலகப் போர் இவ்விவாதத்தைக் கூர்மையாக்கியது. போரில் காயமுற்றோரைச் சுமக்கும் பணி செய்து திரும்பிய ஜான் ஆர்கிரேவ், இயக்கத்தில் காட்டுவாழ்வுக் கலை, முகாம் ஆகியவற்றுக்கான ஆணையராக இருந்தார். இயக்கம் இயற்கையை விட்டு விலகிப் படைத்துறையை நெருங்குவதாகக் குறைகூறிய அவர், 1920 இல் கிப்போ கிஃப்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சாரணியத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். இந்த அமைப்பிலிருந்து பிரிந்தவர்கள் 1925 இல் உருவாக்கிய உட்கிராஃப்ட் ஃபோக் இன்றும் பிரித்தானியாவில் இயங்கி வருகின்றது.

மரபும் சீர்திருத்தமும்

பிரித்தானியாவில்

1960களில் பதின்வயதினரை இயக்கத்தில் தக்கவைப்பது கடினமானதால், சீர்திருத்தங்களைப் பரிந்துரைக்க முன்னோடிக் குழு என்ற குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1966 இல் வெளிவந்தது. இதைத் தொடர்ந்து அமைப்பின் பெயரிலிருந்து 'சிறுவர்' என்ற சொல் நீக்கப்பட்டது. அரைக்காற்சட்டைக்குப் பதிலாக நீளக்காற்சட்டை வந்தது. சாரணச் சட்டத்தின் பத்து விதிகள் ஏழாகச் சுருக்கப்பட்டன. இளைஞர்களுக்கான திரிசாரணர் பிரிவு கைவிடப்பட்டது.

பழைய வடிவம் இளைஞர்களுக்கு நகைப்புக்குரியதாகிவிட்டது என்பது சீர்திருத்தவாதிகளின் வாதம். மரபாளர்களோ, பேடன் பவல் வகுத்த முறையில் குறையில்லை, அதைச் சரியாக நடத்தாத படைகளிலேயே குறை உள்ளது என்றனர். அவர்களுட் சிலர் பிரிந்து 1970 இல் பேடன் பவல் சாரணர் சங்கத்தை நிறுவினர். இதனையொத்த பல நாட்டு அமைப்புகள் 1996 இல் செருமனியில் தனித்த சாரணர்களுக்கான உலகக் கூட்டமைப்பை உருவாக்கின.

ஐக்கிய அமெரிக்காவில்

அமெரிக்கச் சிறுவர் சாரணர் அமைப்பு 1972 இல் தனது பாடத்திட்டத்தைப் பெருமளவு மாற்றியது. நகர்ப்புறச் சிறுவர்களை ஈர்க்கும் நோக்கில் முகாம், தீமூட்டல், நிலப்படம் போன்ற வெளிப்புறத் திறன்களின் முதன்மை குறைக்கப்பட்டது. முகாம் வாழ்வுக்கான தகைமைச் சின்னம் இல்லாமலேயே கழுகுச் சாரணர் ஆகலாம் என்ற நிலை ஏற்பட்டது. தன்னார்வலர்கள் பலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர்.

இக்காலத்தில் உறுப்பினர் எண்ணிக்கையும் குறைந்தது. இதற்குப் புதிய திட்டமே காரணம் என எதிர்ப்பாளர் கூறினர். பிறப்பு வீதம் குறைந்ததும், வியட்நாம் போர்க்காலத்தில் சீருடை மீது ஏற்பட்ட வெறுப்பும் காரணங்கள் என மற்றவர்கள் கூறினர். ஓய்வு பெற்றிருந்த வில்லியம் இல்கோர்ட் மீண்டும் வந்து புதிய கையேட்டை எழுதினார். 1929 இல் அணித் தலைவர்களுக்கான முதற் கையேட்டை எழுதியவரும் இவரே. 1979 இல் வெளிவந்த இவரது கையேடு வெளிப்புறத் திறன்களை மீண்டும் மையத்துக்குக் கொண்டுவந்தது.

உறுப்புரிமை பற்றிய விவாதங்கள்

யார் சாரணராகலாம் என்ற கேள்வி இந்தியாவில் இன அடிப்படையில் எழுந்தது. பிரித்தானிய ஆட்சியில் அதிகாரப்பூர்வ இயக்கம் தொடக்கத்தில் இந்தியச் சிறுவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே 1910களில் அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1921 இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது இச்சங்கம் அதிகாரப்பூர்வ இயக்கத்துடன் இணைந்தது. விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் சாரணியர் இயக்கம் உருவானது.

ஐக்கிய அமெரிக்காவில் நெடுங்காலம் நீடித்த விவாதம் தற்பால் ஈர்ப்புடையோர் பற்றியதாகும். 1990 இல் நீக்கப்பட்ட துணைச் சாரண ஆசிரியர் ஜேம்சு டேல் தொடுத்த வழக்கில், தனது உறுப்பினரைத் தெரிவு செய்யும் உரிமை அமைப்புக்கு உண்டு என 2000 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. 2012 இல் அமைப்பு தடையை மீண்டும் உறுதி செய்தபோது, கழுகுச் சாரணர் பலர் தமது சின்னங்களைத் தலைமையகத்துக்குத் திருப்பி அனுப்பினர். 2013 இல் எடுக்கப்பட்ட முடிவின்படி இளையோருக்கான தடை 2014 முதல் நீங்கியது. இதை எதிர்த்து விலகியோர் டிரெயில் லைஃப் யூஎஸ்ஏ என்ற கிறித்தவ அமைப்பை ஏற்படுத்தினர். பெரியவர்களுக்கான தடை 2015 இல் நீக்கப்பட்டது. எனினும், படைகளை நடத்தும் சமய நிறுவனங்கள் தமது தலைவர்களைத் தாமே தெரிவு செய்யலாம் என விடப்பட்டது.

பெண்கள் பற்றிய விவாதமும் இதைப் போன்றதே. அமெரிக்காவில் 1988 முதல் பெண்கள் சாரண ஆசிரியராகலாம். சிறுமியர் 2018 இல் குருளையர் பிரிவிலும் 2019 இல் சாரணர் பிரிவிலும் சேர்க்கப்பட்டனர். சிறுவர்களுக்கென ஒரு தனியிடம் தேவை என ஒரு சாராரும், முகாம்களுக்குத் தம்பியருடன் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த சிறுமியர் சின்னம் பெற முடியாதிருந்தது அநீதி என மற்றொரு சாராரும் வாதிட்டனர். இந்த அமைப்பு 2025 பெப்ரவரி 8 முதல் இசுகவுட்டிங் அமெரிக்கா என்ற பெயரில் இயங்குகின்றது.

கடவுளுக்குக் கடமை ஆற்றுவதாகக் கூறும் உறுதிமொழியும் விவாதத்துக்குள்ளானது. பிரித்தானியச் சாரணர் சங்கம் 2014 முதல் கடவுள் நம்பிக்கையற்றோருக்கு ஒரு மாற்று உறுதிமொழியை வழங்குகின்றது. அமெரிக்க அமைப்பு கடவுளுக்கான கடமையைத் தனது உறுதிமொழியில் தக்கவைத்துள்ளது.

பாதுகாப்பும் தன்னாட்சியும்

அனைத்து விவாதங்களிலும் மிகவும் கனமானது சிறுவர் பாதுகாப்பு பற்றியதாகும். சாரணியத்தில் பெரியவர்கள் பெற்ற நம்பிக்கையைச் சிலர் சிறுவர்கள் மீதான பாலியல் கொடுமைக்குப் பயன்படுத்தினர். அமெரிக்க அமைப்பு இவ்வாறு ஐயத்துக்குரியவர்கள் பற்றிய கோப்புகளைப் பல பத்தாண்டுகளாக இரகசியமாக வைத்திருந்தது. 1965 முதல் 1985 வரையான காலத்துக்குரிய 1,200க்கும் மேற்பட்ட கோப்புகள் 2012 இல் நீதிமன்ற ஆணையின்படி வெளியிடப்பட்டன. 2020 பெப்ரவரியில் அமைப்பு திவால் பாதுகாப்புக் கோரியது. இதன்போது 82,000க்கும் மேற்பட்டோர் தாம் பாதிக்கப்பட்டதாக முறையிட்டனர். ஏறத்தாழ 246 கோடி டாலர் இழப்பீட்டு நிதிக்கான திட்டம் 2023 இல் நடைமுறைக்கு வந்தது.

பெரியவர் ஒருவர் ஒரு சிறுவருடன் தனித்திருக்கக் கூடாது என்பது இன்று பல நாடுகளில் அடிப்படை விதியாகும். பிரித்தானியாவில் இத்தகைய நடத்தை விதிகள் அடங்கிய மஞ்சள் அட்டை தன்னார்வலர்களுக்கு வழங்கப்படுகின்றது. அமெரிக்காவில் 2018 அக்டோபர் 1 முதல் அனைத்துச் செயற்பாடுகளிலும் 21 வயது நிறைந்த, பதிவு பெற்ற இரு தலைவர்கள் இருக்கவேண்டும்.

இவ்விதி அணி முறையுடன் நேரடியாக மோதியது. அதற்கு முன்னர், சாரண ஆசிரியரின் அனுமதியுடன் ஓர் அணி பெரியவர் துணையின்றி நடைப்பயணம் செல்ல முடிந்தது. புதிய விதி இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. சாரணியத்தின் உயிர்நாடியே இதனால் அறுபட்டது எனவும், சிறுவர்களுக்கு ஆபத்தாக அமைந்தவர்கள் பெரியவர்கள் எனில் அதற்காகச் சிறுவர்களின் உரிமையைப் பறிப்பது முரண் எனவும் மரபாளர் சிலர் வாதிட்டனர். விதியை ஆதரிப்போர், மூத்த சிறுவர்களால் இளைய சிறுவர்கள் துன்புறுத்தப்படுவதும் உண்டு என்பதையும், நம்பிக்கையை மட்டுமே காவலாகக் கொண்ட பழைய முறை தோற்றுவிட்டது என்பதையும் சுட்டிக்காட்டுகின்றனர். பெரியவர்கள் பார்வைக்கு எட்டும் தொலைவில் இருந்துகொண்டு, முடிவுகளை அணித் தலைவரிடமே விடுவது இன்று பல படைகள் கையாளும் வழியாகும்.

பொதுக் கூறுகள்

இவ்விவாதங்கள் சிலவற்றில் ஒரே போக்கைக் காணலாம். ஊதியம் பெறாதவரைத் தலைமையகம் கட்டாயப்படுத்த முடியாது. அவர் முடிவை ஏற்காவிடில் விலகலாம், அல்லது புதிய அமைப்பைத் தொடங்கலாம். 1909, 1920, 1970, 2013 ஆகிய ஆண்டுகளின் நிகழ்வுகள் இவ்வாறு அமைந்தவையே. ஆனால் ஒரு சாரண ஆசிரியர் விலகும்போது, மாற்றாள் கிடைக்காவிடில் அவரது படையே மூடப்படலாம். அதனால் இடம் இழப்போர் அந்த விவாதத்தில் பங்கு பெறாத சிறுவர்களே. இக்காரணம் பற்றியே, தலைமையகத்துடன் உடன்படாத பல தன்னார்வலர்கள் விலகாமல், தமது படைக்குள் தாம் சரியெனக் கருதும் முறையைக் கையாண்டு வருகின்றனர்.

இவற்றையும் பார்க்க

சாரணியம்
இராபர்ட் பேடன் பவல்
பாரத சாரணர் சாரணியர் இயக்கம்
உட் பேட்ஜ்