ஒசாகா நகரில் ஒரு நாள்

ஜப்பான் நாட்டின் பெருநகரங்களுள் ஒசாகாவும் ஒன்று. தோக்கியோ ஆட்சித் தலைநகர். கியோத்தோ பேரரசர்கள் பன்னூறு ஆண்டுகள் வீற்றிருந்த நகர். ஒசாகாவோ வணிகராலும் தொழிலாளராலும் வளர்ந்த நகர். கியோத்தோவார் உடைக்குச் செலவிட்டு அழிவர் என்றும், ஒசாகாவார் உணவுக்குச் செலவிட்டு அழிவர் என்றும் அந்நாட்டார் பழமொழி கூறுவர். இந்நகரின் சிறப்பினை ஒரு நாட் பயணத்திலேயே ஒருவாறு அறியலாம்.

காலையில் முதற்கண் காணத்தக்கது ஒசாகாக் கோட்டை. அகன்ற அகழியும், அதன் கரையில் ஓங்கி நிற்கும் கற்சுவர்களும் காண்போரை வியப்பில் ஆழ்த்தும். அக்கற்களுள் மிகப் பெரியது நூறு டன்னுக்கு மேற்பட்ட எடையுடையது. எளிய குடியிற் பிறந்து நாட்டையே தம் ஆணைக்கீழ்க் கொணர்ந்த தொயோதோமி ஹிதேயோஷி 1583-இல் இக்கோட்டையைக் கட்டத் தொடங்கினார். 1615-இல் நிகழ்ந்த போரில் அது வீழ்ந்து எரிந்தது. வென்ற தொக்குகாவா மரபினர் அதனை மீண்டும் எழுப்பினர். அவர்கள் எழுப்பிய கோபுரமும் 1665-இல் இடி வீழ்ந்து எரிந்தது. அதன்பின் 266 ஆண்டுகள் கோட்டை கோபுரமின்றியே கிடந்தது. இறுதியில் அதனை எழுப்பியவர் மன்னரல்லர், நகர மக்களே. அவர்கள் மனமுவந்து அளித்த நன்கொடையால், இன்றுள்ள கோபுரம் 1931-இல் எழுந்தது. 1945-இல் குண்டு மழையால் நகரின் பெரும்பகுதி அழிந்தபோதும் அது நிலைத்து நின்றது.

கோபுரத்தின் மேல்தளத்தில் நின்று நோக்கினால் நகர் முழுவதும் தோன்றும். முற்காலத்தில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அரிசி மரக்கலங்களில் வந்து இங்கே குவிந்தது. தோஜிமா என்னுமிடத்தில் இருந்த அரிசிச் சந்தைக்கு 1730-இல் அரசு ஒப்புதல் அளித்தது. பின்னாளில் கொடுக்கவேண்டிய அரிசிக்கு முன்னரே விலை பேசும் வாணிகமும் ஆங்கு நடைபெற்றது. வடகோடியிலுள்ள ஹொக்கைதோத் தீவிலிருந்து கடற்பாசியும் வந்தது. அதனை நீரிலிட்டு இறக்கும் சாறே இன்றும் ஒசாகாச் சமையலுக்கு உயிர்நாடியாகும். இவற்றால் இந்நகர் 'நாட்டின் சமையலறை' எனப் பெயர் பெற்றது.

நண்பகலில் உண்ணத்தக்கது சுஷி. காடி சேர்த்த சோற்றின்மீது மீன் துண்டம் வைத்துச் செய்யப்படும் உணவு இது. ஒரு காலத்தில் நல்ல சுஷி உண்பது எளியோர்க்கு அரிதாயிருந்தது. மதுபானத் தொழிற்சாலையில் புட்டிகள் ஓடும் பட்டையின்மீது வரிசையாகச் செல்வதைக் கண்ட ஷிராய்ஷி யோஷியாக்கி என்பார், உணவுத் தட்டுகளையும் அவ்வாறே செலுத்தலாமே எனச் சிந்தித்தார். 1958-இல் ஒசாகாவின் கிழக்குப் புறத்தே அத்தகைய கடையைத் திறந்தார். தட்டுகள் சுழன்று வரும். உண்போர் வேண்டியதை எடுத்துக்கொள்வர். இறுதியில் தட்டுகளை எண்ணிப் பணம் செலுத்துவர். பரிமாறுவோர் பலர் வேண்டாமையால் விலை குறைந்தது. தொழிலாளரும் தம் குடும்பத்துடன் சுஷி உண்டு மகிழ்ந்தனர்.

மாலையில் தோத்தோன்போரிக் கால்வாய்க்கரையை அடைவோம். தோத்தோன் என்னும் வணிகர் 1612-இல் இதனை வெட்டத் தொடங்கினார். 1615-இல் நிகழ்ந்த அப்போரில் அவர் மாண்டார். உறவினர் பணியை முடித்தனர். அவர் தோற்ற பக்கத்தவராயினும், வென்றோர் சார்பில் வந்த தலைவர் கால்வாய்க்கு அவர் பெயரையே இட்டார். இன்று இருமருங்கும் உணவகங்கள் நிறைந்துள்ளன. கால்களை அசைக்கும் பெரிய நண்டு உருவம் ஒரு கடையின் முகப்பை அணிசெய்கிறது. வண்ண விளக்குகளின் ஒளி நீரில் படிந்து ஆடுகிறது. இங்குத் தகோயாக்கி என்னும் சிற்றுண்டியைச் சூடாக உண்ணலாம். குழிப்பணியாரச் சட்டி போன்ற இரும்புத் தட்டில் கோதுமை மாவைக் கரைத்து ஊற்றி, ஒவ்வொரு குழியிலும் பேய்க்கணவாய்த் துண்டம் ஒன்றையிட்டு, உருட்டி உருட்டிச் சுடுவர். 1930-களில் இந்நகரில் தோன்றிய இது, இன்று ஜப்பான் முழுவதும் பரவியுள்ளது.

ஹிதேயோஷியின் மரபு 1615-இல் அழிந்தது. தொக்குகாவா ஆட்சியும் 1868-இல் மறைந்தது. வணிகர் தொடங்கிய கால்வாயும், மக்கள் எழுப்பிய கோபுரமும், எளியோர்க்கென அமைந்த உணவும் இன்றும் நிலைத்துள்ளன. ஒரு நகரின் பெருமை அதனை ஆண்டவர்களால் மட்டும் அமைவதன்று. அங்கு வாழ்ந்து உழைப்போராலேயே அது நிலைபெறுகிறது.