செயலும் செய்தவரும்

ஒருவருடைய செயலை வெறுத்தால் அவரையும் வெறுக்கத்தான் வேண்டுமா? ‘அவன் பொய் சொன்னான்’, ‘அவன் பொய்யன்’ என்னும் இரு தொடர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ‘சொன்னான்’ என்பது வினைச்சொல். அது காலம் காட்டும். என்றோ நிகழ்ந்த ஒரு செயலை மட்டுமே அது சுட்டுகிறது. ‘பொய்யன்’ என்பதோ பெயர்ச்சொல். அது காலம் காட்டாது. நேற்றும் இன்றும் நாளையும் அவன் அப்படிப்பட்டவனே என்று முடிவு கட்டிவிடுகிறது. செயலை வெறுப்பதற்கும் ஆளை வெறுப்பதற்கும் உள்ள வேறுபாடு இத்தகையதே.

இவ்வேறுபாட்டைத் தந்தை பெரியார், மூதறிஞர் இராஜாஜி ஆகியோரின் வாழ்வில் காணலாம். பெரியார் ஈரோட்டிலும் இராஜாஜி சேலத்திலும் நகராட்சித் தலைவர்களாக விளங்கியவர்கள். காங்கிரஸ் இயக்கத்தில் இணைந்து பணியாற்றிய நண்பர்கள். பின்னர்க் கொள்கையால் இருவரும் எதிரெதிர்த் திசையில் சென்றனர். பெரியார் கடவுள் மறுப்பாளர். இராஜாஜி ஆழ்ந்த இறைப்பற்று உடையவர். 1938-இல் இராஜாஜி ஆட்சியின்போது, பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்துப் போராடிய பெரியார் சிறைத்தண்டனை பெற்றார்.

1953-இல் மீண்டும் ஒரு மோதல் எழுந்தது. அப்போது சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தார். அதன்படி மாணவர்கள் நாள்தோறும் மூன்று மணி நேரம் பள்ளியில் படிப்பர்; எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்பர். இருக்கும் பள்ளிகளிலேயே மிகுதியான மாணவர்கள் படிக்க இயலும் என்பது அரசின் கருத்து. ஆனால், சலவைத் தொழிலாளியின் பிள்ளை சலவைத் தொழிலிலேயே தங்கிவிட நேரும். சாதிக்கொரு தொழில் என்னும் பழைய தளை இறுகும் எனப் பெரியார் கண்டார். ‘குலக்கல்வித் திட்டம்’ எனக் கண்டித்துக் கடுமையாகப் போராடினார். நண்பர் கொண்டுவந்த திட்டமாயிற்றே என்று அவர் வாளாவிருக்கவில்லை. 1954-இல் இராஜாஜி பதவி விலகினார்; காமராசர் முதலமைச்சரானார்; திட்டம் கைவிடப்பட்டது.

இத்தனை மோதல்களுக்கு இடையிலும் அவர்களின் நட்பு முறியவில்லை. 1949-இல் தம் சொந்த வாழ்வின் முக்கிய முடிவு ஒன்றைப் பற்றிக் கலந்து பேசப் பெரியார் நாடிச் சென்றது இராஜாஜியைத்தான். 1972 டிசம்பர் 25 அன்று இராஜாஜி மறைந்தார். அப்போது பெரியாருக்கு வயது 93. சக்கர நாற்காலியில் வந்து இறுதிச் சடங்கில் கலந்துகொண்ட அவர், கண்ணீர் விட்டு அழுதார்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? நட்புக்காகத் தவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தவற்றை எதிர்ப்பதற்காக மனிதரைப் பகைக்க வேண்டியதும் இல்லை. உங்கள் தெலுங்கு உச்சரிப்பை வகுப்பில் ஒருவன் கேலி செய்தால், ‘நீ செய்தது தவறு’ என்று அவனிடமே சொல்லுங்கள். அவன் நிறுத்தவில்லையெனில் ஆசிரியரிடம் கூறுங்கள். ‘அவன் கெட்டவன்’ என்றோ, ‘இந்த ஊர்க்காரர்களே இப்படித்தான்’ என்றோ முடிவு கட்டாதீர்கள். செய்தது தவறு என்றால் நாளை அதைத் திருத்திக்கொள்ள வழி உண்டு. ஆளே கெட்டவன் என்று சொல்லிவிட்டால் அவன் எதைத் திருத்துவான்?

சொற்பொருள்: தளை – கட்டு, விலங்கு, வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாமல் இருத்தல்.

சிந்தித்து எழுதுக: நீங்கள் யாரைப் பற்றியேனும் பெயர்ச்சொல்லால் கூறிய குறை ஒன்றை வினைச்சொல்லால் மாற்றி எழுதுக. பொருளில் என்ன வேறுபாடு தோன்றுகிறது?