விராலுக்கு ஏற்ற தூண்டில் எது?

நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீர் பெறும் பாரூர் பெரிய ஏரியானாலும் சரி, போச்சம்பள்ளிப் பக்கத்துத் தோட்டக் கிணறானாலும் சரி, வேலை ஓய்ந்த மாலையில் யாராவது ஒருவர் தக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஜிலேபிக் கெண்டைக்கு மூங்கில் குச்சியும் மண்புழுவும் போதும். விரால் பிடிக்க வேண்டுமென்றால்தான் யோசனை தேவைப்படுகிறது.

ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள் இப்போது ரீல் வைத்த தடியும் ரப்பர் தவளையும் வாங்கி வருகிறார்கள். இவற்றில் பல, அமெரிக்காவில் 'பாஸ்' என்னும் மீனைப் பிடிக்க உருவானவை. அந்த மீன் நம் ஏரிகளில் இல்லை. ஆனால் செடிக்கும் பாசிக்கும் நடுவே பதுங்கியிருந்து பாய்வதில் நமது விரால் அதற்கு இளைத்ததல்ல. ஆகவே அதே சாமான்கள் இங்கும் உதவுகின்றன. அதற்காகக் கடையில் உள்ள எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை.

கையில் இருக்கும் பணத்தை முதலில் நரம்பில் போடுவதே நல்லது. ஜிலேபிக்கு 0.20 அல்லது 0.25 மில்லிமீட்டர் நைலான் நரம்பு போதும். விரால் கவ்வியதும் செடிக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும், அதற்கு 0.40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நைலான் இழுத்தால் நீளும். தூரத்தில் கவ்விய மீனுக்கு முள் சரியாக ஏறாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னல் நரம்பு நீளாது. மெல்லியதாக இருந்தும் வலுவுள்ளது. பாசியை அறுத்துக்கொண்டு வரும். விலை அதிகமானாலும் செடி மண்டிய ஏரிக்கு அதுவே ஏற்றது. ஆனால் அதைக் கையில் சுற்றி இழுத்தால் சதையை அறுத்துவிடும்.

முடிச்சு போடும் இடத்தில் எந்த நரம்பும் வலுக் குறையும். நைலானை எச்சிலால் அல்லது தண்ணீரால் நனைத்த பிறகே முடிச்சை இறுக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வில் சூடேறி நரம்பு நொந்துவிடும். வெயிலில் கிடந்த பழைய நரம்பை நம்பக் கூடாது.

முள் வாங்கும்போது எண்ணைக் கவனிக்க வேண்டும். எண் கூடக் கூட முள் சிறுக்கும். 4ஐ விட 10 சிறியது. ஆனால் 1/0, 2/0 என்று வந்தால் கணக்கு மாறி, எண்ணோடு முள்ளும் பெரிதாகும். ஜிலேபிக்கு 10ஆம் எண் முள், விராலுக்கு 1/0 அல்லது 2/0 என்று கேட்டு வாங்கலாம்.

தடிக்குக் கல்மூங்கிலே போதும். முற்றிய கழியாகப் பார்த்து நிழலில் உலர்த்த வேண்டும். ரீல் வேண்டுமென்பவர்கள் நுனி அதிகம் வளையாத 7 அடித் தடி வாங்கலாம். கடையில் விற்கும் கார்பன் தடியில் மின்சாரம் பாயும். பம்பு செட்டுக்குப் போகும் கம்பிகளுக்கு அடியில் அதை உயர்த்துவது உயிருக்கே ஆபத்து. நனைந்த மூங்கிலும் அப்படித்தான்.

இனி இரை. விராலுக்கு உயிருள்ள தவளையை முள்ளில் கோப்பது நெடுநாள் வழக்கம். அந்தத் தவளை வயலில் பூச்சியைத் தின்று கொண்டிருந்தது என்பதை நினைத்துப் பார்ப்பவர் குறைவு. தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987இல் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். ரப்பர் தவளை வந்தபின் அந்த வழக்கத்தை விட்டுவிடலாம். அதன் இரட்டை முள் முதுகோடு ஒட்டியிருப்பதால் செடியில் சிக்காது. விரால் கவ்வி அழுத்தும்போதுதான் முள் வெளிப்படும். எனவே தண்ணீர் தெறித்தவுடன் இழுக்காமல், நரம்பு இறுகிய பிறகு ஓங்கி இழுக்க வேண்டும். பலர் மீனைத் தவறவிடுவது இந்த அவசரத்தால்தான். நிறத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். கீழிருந்து பார்க்கும் மீனுக்குத் தெரிவது பெரும்பாலும் நிழல்தான். பளபளக்கும் வண்ணங்கள் வாங்குபவரைப் பிடிக்கவே அதிகம் உதவுகின்றன!

செடியில்லாத திறந்த நீரில் உலோகக் கரண்டி இரை நன்றாக வேலை செய்யும். அமெரிக்காவில் ஜூலியோ பியூவெல் என்பவர் 1852இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பழைய எவர்சில்வர் கரண்டியின் காம்பை வெட்டி, இருமுனையிலும் துளையிட்டு, ஒன்றில் முள்ளும் மற்றொன்றில் நரம்பும் மாட்டினால் வீட்டிலேயே தயாராகிவிடும்.

மழைக்காலத்தில் ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். சிவந்த விரால் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும். தாய் தந்தை மீன்கள் அடியில் காவல் இருக்கும். கூட்டத்தின் நடுவே இரை விழுந்தால் பசி இல்லாவிட்டாலும் அவை பாய்ந்து கவ்வும். இதைத் தெரிந்துகொண்டே அங்கு வீசுபவர்கள் உண்டு. காவல் மீன் போனால் குஞ்சுகளைக் கெளுத்தியும் மற்ற மீன்களும் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக நூற்றுக்கணக்கான மீன்களை இழப்பது என்ன கணக்கு? குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் வேறு இடம் பார்த்துப் போய்விட வேண்டும். தெரியாமல் சிக்கினால், முள்ளைக் கழற்றி அதே இடத்தில் உடனே விட வேண்டும்.

ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்குப் போவதால், குத்தகைதாரரிடம் முன்பே கேட்டுக்கொள்வது வீண் சச்சரவைத் தவிர்க்கும். அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வரக் கூடாது. அது மக்காது. கொக்கின் காலிலும், மேய வரும் மாட்டின் குளம்பிலும் சுற்றிக்கொள்ளும். சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.