கொழுந்து முதல் கோப்பை வரை

ஆலங்குடாவின் மணலில் தேயிலை வளராது. ஆயினும் தேத்தண்ணி இல்லாமல் நம் வீடுகளில் பொழுது விடிவதில்லை. விடுமுறையில் மலையகம் செல்லும் சகோதரிகள், தோட்டத்துப் பச்சையைப் படம்பிடிப்பதோடு நில்லாமல் தொழிற்சாலைக்குள்ளும் சென்று பார்க்க வேண்டும்.

கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலைத்துரு நோயால் கோப்பி அழிந்தபின் தேயிலையே மலைநாட்டின் பயிரானது.

ஈரிலையும் ஒரு மொட்டுமாகப் பறித்த கொழுந்தைப் பல மணி நேரம் காற்றில் வாட்டுகிறார்கள். பின்னர் பொறியில் உருட்டி நசுக்குகிறார்கள். வெளிப்படும் சாறு காற்றோடு சேர, இலை செம்பு நிறமாகிறது. நிறமும் மணமும் சுவையும் இங்கேதான் பிறக்கின்றன. சூடான காற்றில் உலர்த்தியதும் இலை கறுக்கிறது. இறுதியாகச் சலித்துத் தரம்பிரிக்கிறார்கள்.

கொழுந்து பறிப்போரில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களுடைய முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது. எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இம்மண்ணுக்கு வந்தோரின் பிள்ளைகளும் நம்மிடையே படிக்கிறார்கள். உரிமையிழந்த வலியை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே, கூடை சுமந்து நிற்கும் பெண்ணைப் படமெடுக்குமுன் அவரது சம்மதத்தைக் கேளுங்கள். நேரமிருந்தால், அன்று எத்தனை கிலோ பறித்தார் என்றும் கேளுங்கள்.