18 யூனிட்டில் ஒரு பந்தயம்

2011 ஜூனில் ஐல் ஆஃப் மேன் தீவில் மைக்கேல் ரட்டர் ஓட்டிய மின்சார பைக், 60.7 கிலோமீட்டர் சுற்றை முடித்தபோது அதன் சராசரி வேகம் மணிக்கு 99.604 மைல். 100 மைலைத் தாண்டும் முதல் மின்சார பைக்குக்கு 10,000 பவுண்டு தருவதாகத் தீவு அரசு அறிவித்திருந்தது. ஐந்தாறு நொடி முன்னதாக வந்திருந்தால் பணம் கைக்கு வந்திருக்கும். அடுத்த ஆண்டு அவரே 104 மைலில் சுற்றி வந்து வாங்கிக்கொண்டார்.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் இந்தத் தீவில் 1907 முதல் டி.டி. என்னும் பைக் பந்தயம் நடக்கிறது. தனி மைதானம் கிடையாது. ஊர்ச் சாலையை அடைத்துவிட்டு, கற்சுவர்களையும் வீட்டு வாசல்களையும் உரசியபடி ஓட்டுவார்கள். மின்சார பைக்குகளுக்கு இங்கே முதல் பந்தயம் நடந்தது 2009-இல். ஜெயித்தவர் ராப் பார்பர், வேகம் 87 மைல். அவருடைய பைக்கின் மோட்டார் குஜராத்தைச் சேர்ந்த அக்னி நிறுவனத்தினுடையது. அதன் வடிவமைப்புக்குப் பின்னால் இருந்தவர் செட்ரிக் லிஞ்ச் என்ற ஆங்கிலேயர். 2014-இல் ஜப்பானின் முகென் அணிக்காக ஜான் மெக்கின்னஸ் 117 மைலில் சுற்றினார். 2019-இல் அதே அணியின் பைக்கில் ரட்டர் 122-ஐ நெருங்கிவிட்டார்.

பெட்ரோல் பைக் இதே தீவில் 100 மைல் சுற்றைப் பார்க்க 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மின்சாரத்துக்கு நாலே பந்தயங்கள் போதுமாக இருந்தன. இதைச் சொல்லி மார்தட்டுபவர்கள் உண்டு. ஆனால் டயர், பிரேக், சட்டகம், நல்ல தார்ச்சாலை எல்லாம் பெட்ரோல்காரர்கள் அரை நூற்றாண்டு விழுந்து எழுந்து தயாராக்கி வைத்தவை. புதிதாக வந்தவர்கள் மோட்டாரையும் பேட்டரியையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

அந்த பேட்டரியில்தான் சிக்கலே. டி.டி.யின் சீனியர் பிரிவில் பெட்ரோல் பைக்குகள் ஆறு சுற்று ஓடும். மின்சார பைக்குக்கு வைத்தது ஒரே ஒரு சுற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். முழு முறுக்கில் போனால் சுற்றில் வரும் மலையேற்றத்திலேயே பேட்டரி வற்றத் தொடங்கும். சூடும் ஏறும், சூடு எல்லை மீறினால் கட்டுப்பாட்டுக் கருவி தானாகவே சக்தியைக் குறைத்துவிடும். ஆகவே ஓட்டுபவருக்கு ஒரு கண் சாலையில், இன்னொரு கண் மீதமிருக்கும் மின்சாரத்தில். மாதக் கடைசிச் சம்பளக்காரர் கணக்குத்தான்: எங்கே செலவழிப்பது, எங்கே கையைக் கட்டுவது.

மோட்டாரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளட்ச், கியர் எதுவும் தேவையில்லை. நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசை கிடைக்கும். பெட்ரோல் எஞ்சின் போல மூச்சுவிடக் காற்றும் வேண்டாம். அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைப் பந்தயத்தில் இது பளிச்சென்று தெரிந்தது. முடிவுக் கோடு 4,300 மீட்டர் உயரத்தில். மேலே போகப் போகக் காற்று மெலிந்து எஞ்சின்கள் திணறும். 2013-இல் கார்லின் டன் லைட்னிங் என்ற மின்சார பைக்கில் பத்து நிமிடத்தில் ஏறி முடித்தார். அடுத்து வந்த பெட்ரோல் பைக் அவருக்குச் சுமார் 20 நொடி பின்தங்கியிருந்தது. பெட்ரோல் பைக்குகளையே நேரக் கணக்கில் முந்திக் கிடைத்த வெற்றி என்பதால், தீவின் சாதனைகளைவிட இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

பெட்ரோல் பைக்குகளின் உலகத் தொடரான மோட்டோஜிபி பந்தயங்களோடு சேர்த்து, மின்சார பைக்குகளுக்கு மோட்டோஈ தொடர் வந்தது 2019-இல். தொடக்கமே கோளாறு: அந்த மார்ச்சில் ஸ்பெயினின் ஹெரெஸ் தளத்தில் பைக்குகள் இருந்த கூடாரம் தீப்பிடித்து மொத்தமும் கருகின. இத்தாலியின் எனர்ஜிகா நிறுவனம் அவசர அவசரமாகப் புது பைக்குகளைச் செய்து கொடுக்க, ஜூலையில் ஜெர்மனியில் முதல் பந்தயம் நடந்தது. 2023-இலிருந்து பைக் கொடுத்தது டுகாட்டி.

டுகாட்டியின் வி21எல் பைக்கின் எடை 225 கிலோ. அதில் பேட்டரி மட்டும் 110 கிலோ. உள்ளே 1,152 செல்கள். மோட்டார் 150 குதிரைத்திறன். இத்தாலியின் முஜெல்லோ தளத்தில் மணிக்கு 275 கிலோமீட்டர் தொட்டது. பேட்டரியில் அடங்குவது 18 யூனிட், நம் மின்கட்டண ரசீதில் வரும் அதே யூனிட்தான். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் உண்டு. எஞ்சின் அதில் பெரும்பகுதியைச் சூடாக வீணடிக்கும், மோட்டார் வீணடிப்பது சொற்பம். அதைக் கழித்துப் பார்த்தாலும் 110 கிலோவைச் சுமந்து கிடைப்பது ஐந்தாறு லிட்டர் பெட்ரோலின் வேலைதான். மோட்டோஜிபி பைக்கோ 22 லிட்டர் வரை நிரப்பிக்கொண்டு இருபது சுற்றுக்கு மேல் ஓடும். மோட்டோஈ ஏழெட்டுச் சுற்றில் முடிந்துபோனது.

சத்தமும் இல்லை, நீளமும் இல்லை, ரசிகர்கள் ஒட்டவில்லை. வேகமான மின்சார பைக்குகளுக்குச் சந்தையும் உருவாகவில்லை. எனர்ஜிகா 2024-இல் திவாலானது. 2025 செப்டம்பரில், அந்த ஆண்டோடு தொடரை நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு வந்தது. அதே மாதம் மியூனிக் வாகனக் கண்காட்சியில் டுகாட்டி தன் வி21எல் பைக்கில் புதுவகைத் திடநிலை பேட்டரியைப் பொருத்திக் காட்டியது. 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை ஏற அதற்கு 12 நிமிடத்துக்குச் சற்று மேல் போதுமாம். அது ஓடிப் பார்க்கப் பந்தயம்தான் இல்லை.