ஒன்றும் பலவும்: முற்றத்தில் படிக்கும் பாடம்

"சுவாமி, பிள்ளைக்கு ஒருமை பன்மை சொல்லிக் குடுக்கட்டாம் எண்டு ரீச்சர் சொல்லுறா. நான் எட்டாம் வகுப்போடை நிண்டனான். என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?" முன்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்மாரிடமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது.

ஒருமையும் பன்மையும் இலக்கணப் புத்தகத்துக்குள் இருப்பவை, படித்தவர்கள் மட்டுமே எடுத்துக் கொடுக்கக்கூடியவை என்ற எண்ணம் இக்கேள்வியின் அடியில் இருக்கிறது. கமக்காரர் வீட்டிலோ இந்தப் பாடம் காலை தொடக்கம் இரவு வரை நடக்கிறது. மாடு கன்று போட்டது; பக்கத்து வீட்டு ஆடுகள் வேலிக்குள் புகுந்துவிட்டன; கன்றுகள் வாடுகின்றன, தண்ணீர் ஊற்ற வேண்டும்; ஒரு வாழை குலை தள்ளிவிட்டது. இப்படிப் பேசும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு மூன்று, நான்கு வயதில் ஒன்றுக்கும் பலவுக்கும் உள்ள வேறுபாடு தானாகவே நாக்கில் வந்து நிற்கும்.

இடம்பெயர்ந்த குடும்பங்களில் இந்தப் பேச்சுத்தான் முதலில் குறைந்துபோகிறது. கொட்டில் சிறியது; தகரத்துக்கு அப்பால் அடுத்த குடும்பம். கூலி வேலை முடித்து வரும் தாய் தகப்பனுக்குக் களைப்பு. அதனால் பிள்ளையோடு பேசும் பேச்சு "வா", "இரு", "சாப்பிடு", "சத்தம் போடாதை" என்று சுருங்கிவிடுகிறது. இவை எல்லாம் ஏவல்கள். ஏவல் மட்டும் கேட்கும் பிள்ளையின் காதில் பொருள்களின் பெயர் விழுவது குறைவு. பெயர் விழாத இடத்தில் ஒருமை ஏது, பன்மை ஏது? முன்பள்ளியில் படத்தைக் காட்டி "இவை என்ன?" என்று கேட்டதும் வாய் திறவாமல் நிற்கும் பிள்ளையை மந்தமானது என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. பெயர் சொல்லிப் பேசுவாரில்லாமல் வளர்ந்த பிள்ளையாகவும் அது இருக்கலாம்.

ஆகவே முதல் வேலை பெயர் சொல்லிப் பேசுவது. இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. கறிக்கு வெங்காயம் உரிக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள். "வெங்காயத்தை எடுத்துத் தாங்கோ" என்று ஒருமுறை கேளுங்கள். சற்றுப் பொறுத்து, "வெங்காயங்களை எடுத்துத் தாங்கோ" என்று கேளுங்கள். கை ஒன்றை எடுக்கிறதா, அள்ளுகிறதா என்று பாருங்கள். பிள்ளைக்கு விளக்கம் முதலில் வரும், சொல் பிறகுதான் வரும். கை சரியாகச் செய்தால் பாடத்தில் பாதி முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

புளியங்கொட்டை, சிரட்டை, பூவரசம் இலை, சோடா மூடி, கிணற்றடிக் கல் எல்லாம் இதற்கு உதவும். ஒரு சிரட்டைக்குள் ஒரு புளியங்கொட்டை, மற்றச் சிரட்டைக்குள் ஒரு பிடி. "இதுக்குள்ளை என்ன? அதுக்குள்ளை என்ன?" காசு கொடுத்து வாங்கும் விளையாட்டுப் பொருள்களைவிட இவை நல்லவை என்பது எமது அபிப்பிராயம். ஆனால் பொருள் பொறுக்குவதற்குப் பிள்ளையைப் பற்றைக்குள்ளோ கைவிடப்பட்ட காணிக்குள்ளோ அனுப்ப வேண்டாம். வன்னியில் கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னமும் உண்டு. வெளியே கிடக்கும் இரும்புத் துண்டு எதையும் தொடக் கூடாது என்பதைப் பிள்ளை முதலில் படிக்கட்டும். எண்ணிக்கை பிறகு வரட்டும்.

இனி, தமிழின் இயல்பு ஒன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. சந்தையில் நாங்கள் "பத்துத் தேங்காய்", "நாலு வாழைப்பழம்" என்றுதான் கேட்கிறோம். "பத்துத் தேங்காய்கள்" என்று கேட்பவரைப் பார்த்து வியாபாரி சிரிப்பார். அஃறிணைப் பெயருக்குக் 'கள்' சேர்க்காமலும் பன்மை விளங்கும் என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. எண்ணிக்கை முன்னால் நின்றால் பலவென்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. எனவே "இரண்டு மாடு" என்று சொல்லும் பிள்ளையைத் தடுத்து, "இரண்டு மாடுகள் எண்டு சொல்லு" என்று வற்புறுத்துவது வீண் வேலை. எண் இல்லாத இடத்தில்தான் 'கள்' தேவைப்படுகிறது. "மாங்காய்கள் விழுந்து கிடக்கு, ஓடிப் போய்ப் பாருங்கோ" என்னும்போது, ஒன்றல்ல, பல என்பதை அந்தச் சிறு ஒலிதான் சொல்கிறது. நெல், அரிசி, பால், மணல் என்பவற்றுக்கோ 'கள்' ஒட்டுவதில்லை. அவற்றை மூட்டையாலும் கொத்தாலும் போத்தலாலும் அளக்கிறோம்.

'கள்' சேரும்போது சில சொற்கள் உருமாறும். மரம் மரங்கள் ஆகும், பூ பூக்கள் ஆகும், கல் கற்கள் ஆகும், முள் முட்கள் ஆகும். சிறு பிள்ளை "மரம்கள்" என்றும் "கல்லுகள்" என்றும் சொல்லும். "கல்லுகள்", "பல்லுகள்" என்பன பெரியவர்களான எங்கள் வாயிலும் வருபவைதானே. "மரம்கள்" என்ற பிள்ளையும் கவலைக்குரியது அல்ல. அது ஒரு விதியைக் கண்டுபிடித்து, எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கிறது. 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ என்பவர் இதை ஒரு விளையாட்டுப் போலச் சோதித்தார். குருவி போன்ற ஒரு உருவத்தை வரைந்து, ஆங்கிலத்தில் இல்லாத 'வக்' என்ற பெயரை அதற்குச் சூட்டினார். பிறகு அதே உருவம் இரண்டைக் காட்டி, "இப்போது இரண்டு..." என்று நிறுத்தினார். அந்தச் சொல்லை முன்பு ஒருபோதும் கேட்டிராத பிள்ளைகளிற் பெரும்பாலோர் அதற்குச் சரியான பன்மையைச் சொல்லி முடித்தார்கள். மனப்பாடத்தால் வந்த அறிவாக அது இருக்க முடியாது. நீங்களும் முற்றத்து மணலில் ஒரு விசித்திர உருவத்தைக் கீறி, "இது ஒரு டம்மம்" என்று சொல்லுங்கள். பக்கத்தில் இன்னும் இரண்டைக் கீறி, "இதுகள்?" என்று கேளுங்கள். "டம்மங்கள்" என்று வரும் நாளில் பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று கொள்ளலாம். சிரிப்பும் சேர்ந்தே வரும்.

பிழை திருத்தும் விதம் முக்கியம். "மரம்கள் ஆடுது" என்று பிள்ளை சொன்னால், "ஓமோம், மரங்கள் ஆடுது, காத்துப் பலமா அடிக்குது" என்று பேச்சைத் தொடருங்கள். சரியான சொல் காதில் விழுந்துவிடும், பேச்சும் அறுந்துபோகாது. "பிழை, திருப்பிச் சொல்லு" என்று அதட்டினால், பயந்த பிள்ளை அடுத்த முறை மரத்தைப் பற்றிப் பேசவே மாட்டாது. ஏற்கெனவே போதிய பயத்தோடு வளரும் பிள்ளைகள் எம்மிடையே இருக்கிறார்கள்.

ஆட்களைப் பற்றிய சொற்களில்தான் வீட்டுப் பேச்சும் புத்தகமும் பெரிதும் பிரிகின்றன. அக்காமார், மாமிமார் என்பவை இரண்டுக்கும் பொது. ஆனால் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் "பிள்ளையள்", "பெடியள்" என்கிறோம்; "அவை வருகினம்" என்று ஆட்களைச் சொல்கிறோம். முதலாந் தரப் புத்தகத்திலோ "அவர்கள் வருகிறார்கள்" என்றிருக்கும். "அவை" என்றால் அங்கே மாடும் மரமும். இதனால் பிள்ளை திகைப்பது இயல்பு. அதற்காக வீட்டுப் பேச்சைக் கைவிடவோ, அதற்கு வெட்கப்படவோ வேண்டாம். இரவில் ஒரு கதையைப் புத்தக நடையில் வாசித்துக் காட்டினால் போதும். வாசிக்கத் தெரிந்த மூத்த பிள்ளையும் அதைச் செய்யலாம். "நாங்கள் அவை எண்டு சொல்லுவம், புத்தகத்திலை அவர்கள் எண்டு இருக்கும்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் ஐந்து வயதுப் பிள்ளை இரண்டையும் வைத்துக்கொள்ளும். அம்மம்மா ஒருவர்தான், ஆனாலும் அவரை "நீங்கள்", "வாங்கோ" என்று பன்மையில் அழைக்கிறோம். மரியாதைக்குரிய அந்தப் பன்மையைப் பிள்ளை எவ்வித விளக்கமும் இல்லாமலே படித்துவிடுகிறது. குழப்பமெல்லாம் விதி தேடும் பெரியவர்களுக்குத்தான்.

வீட்டில் அப்பப்பாவோ அம்மம்மாவோ இருந்தால் இந்த வேலையில் பாதியை அவர்களிடம் விட்டுவிடுங்கள். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களுள் இன்னமும் சொந்தக் காணிக்குத் திரும்பாதவை உண்டு. அவற்றில் இன்று முன்பள்ளிக்குப் போகும் பிள்ளை அந்தச் செம்பாட்டுத் தோட்டத்தைக் கண்டதில்லை. பாத்தி, வாய்க்கால், துலா, வெங்காயக் குடில் என்ற சொற்கள் முதியவர்களின் வாயில் மட்டுமே இருக்கின்றன. மணலில் ஈர்க்கால் கீறி, "இது ஒரு பாத்தி, இதுகள் பாத்திகள், இதுக்குள்ளாலை தண்ணி ஓடும்" என்று அப்பப்பா காட்டட்டும். பிள்ளை நூறு கேள்வி கேட்கும். அவருக்கும் பேச ஓர் ஆள் கிடைக்கும்.

இறுதியாக ஒரு நடைமுறை விடயம். இரண்டரை வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையையும், பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையையும் "பிறகு பேசும்" என்று விட்டுவிட வேண்டாம். அடிக்கடி காதில் சீழ் வடியும் பிள்ளைக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். சொல்லின் கடைசியில் வரும் மெல்லிய ஒலி அதன் காதில் சரியாக விழாமற் போகலாம். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொன்னால் எந்தச் சிகிச்சை நிலையத்துக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டுவார். இடம் மாறி வந்திருந்தால் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.