மின்கிற்றாரின் முரலொலி

மின்கிற்றாரை விரியலாக்கியோடு இணைத்த மாத்திரத்தே, விரல் நரம்பைத் தீண்டுமுன்னரே, வண்டு முரல்வது போன்றதோர் ஒலி எழுதல் பலரும் கேட்டதே. இவ்வொலி ஒன்றேபோலத் தோன்றினும் இதன் பிறப்பிடங்கள் பலவாம். பிறப்பிடம் அறியாது செய்யும் பரிகாரம் பயன்தராது. சிலவேளை உயிருக்கே இறுதியுமாகும்.

கிற்றாரின் நரம்புகள் உருக்கினாலானவை. அவற்றின் கீழே காந்தமும், அதனைச் சூழ்ந்து பல்லாயிரம் சுற்றுக்களாய் நுண்ணிய செப்புக்கம்பிச் சுருளும் அமைந்துள. நரம்பு அதிருங்கால் சுருளினூடே செல்லும் காந்தப்பாயம் மாறுபட, மின் பிறக்கின்றது. ஆயின் நரம்பு இது, அயலிலுள்ள நிலைமாற்றி இது என்னும் பகுத்தறிவு சுருளுக்கு இல்லை. ஆடலோட்டம் இலங்கையிற் செக்கனுக்கு 50 முறையும் அமெரிக்காவில் 60 முறையும் அலைவதால், அதன் காந்தப்புலமும் அவ்வாறே அலைந்து சுருளிற் புகுந்துவிடுகின்றது.

இதனை வென்ற உபாயம் நுட்பமானது. அமெரிக்காவின் கலமசூ நகரிலிருந்த கிப்சன் தொழிற்சாலையிற் பணியாற்றிய சேத் லவர் என்பார், இதற்கென 1955 இல் ஆக்கவுரிமை கோரி 1959 இற் பெற்றார். ஒன்றுக்கு இரண்டாகச் சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றன் காந்தமுனையையும் மின்செல்லும் திசையையும் மற்றதற்கு எதிராக்கினார் அவர். புறத்தேயிருந்து வரும் புலம் இரு சுருளிலும் எதிரெதிரான மின்னை எழுப்ப, அவை ஒன்றையொன்று அழிக்கும். நரம்பெழுப்பும் மின்னோ காந்தத்தால் ஒருமுறையும் சுருளால் மறுமுறையும் திரும்புதலின், எதிரின் எதிர் நேராகி ஒன்றோடொன்று கூடும். உச்ச ஒலிகளின் கூர்மை இதனாற் சற்றுக் குன்றும். ஆதலின் முரலொலியைப் பொறுத்துக்கொண்டு ஒற்றைச் சுருளையே விரும்புவாரும் உளர். அது அவரவர் செவிச்சுவை பற்றியது.

பிறப்பிடத்தை அறிதல் அரிதன்று. கிற்றாரின் வடத்தை விரியலாக்கியிலிருந்து கழற்றிய பின்னும் ஒலி நீடிப்பின், குற்றம் பெரும்பாலும் விரியலாக்கியினுள்ளேயே உள்ளது. அதனைத் திறத்தல் வல்லார்க்கே உரியது. மின்னை நிறுத்திய பின்னும் கொள்ளளவிகளில் உயிர்கொல்லும் அழுத்தம் தங்கியிருக்கும். கிற்றாரைத் திருப்பத் திருப்ப ஒலி ஏறியிறங்கின், அது காந்தப்புலத்தால் வந்தது. நிலைமாற்றியை விட்டு விலகியமர்தல் நன்று. நரம்பைத் தொட்டதும் தணியின், மின்புலத்தால் வந்தது. கிற்றாரின் உட்குழிவைச் செப்புத்தகட்டாற் போர்த்துப் புவியோடு இணைத்தல் அதற்கு மருந்து. மெல்லிய அத்தகடு இத்தாழ்ந்த அலைவின் காந்தப்புலத்தைத் தடாது என்பதை மறந்து வீண்செலவு செய்வார் பலர்.

இரு கருவிகள் வெவ்வேறிடத்திற் புவித்தொடுப்புப் பெற்று வடத்தாலும் இணைக்கப்படின், அவற்றிடையே ஒரு வளையம் உண்டாகி முரலும். வளையத்தை அறுக்கவென்று மின்செருகியின் புவிக்கம்பியை வெட்டுவார் உளர். ஒலி அடங்கும், ஆயின் கருவியிற் பழுது நேருங்கால் மின்னுக்கு வாய்க்கும் வழி வாசிப்போனின் உடலே. 1972 இற் சுவான்சி நகர மேடையொன்றில் கிற்றார்க் கலைஞர் லெஸ்லி ஹார்வே, புவித்தொடுப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டு உயிர்நீத்தார். புவிக்கம்பியைத் தீண்டாது, கருவிகளனைத்தையும் ஒரே மின்குதையில் இணைத்தல் வேண்டும். அதுவும் போதாதாயின், ஒலி செல்லும் வடத்தினிடையே தனிப்படுத்தும் நிலைமாற்றியொன்றை வைத்தல் தகும்.